மருந்துக்கடைத் தவசியின் கத்தரிச்செடிகள்

கமுதியில் முப்பத்தொரு வருஷம் உரக்கடை நடத்தியவர் தவசி. பலகையில் உரக்கடை என்றுதான் எழுதியிருந்தது. சுற்றுப்பட்டி ஜனங்களுக்கு அது மருந்துக்கடை. மிளகாயிலும் பருத்தியிலும் பூச்சி விழுந்தால், வாடிய இலை ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார்கள். தவசி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இலையைத் திருப்பிப் பார்ப்பார்.

"சாறு உறிஞ்சுற பூச்சி. ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்து. வெயில் தாழ அடி."

அவ்வளவுதான் வைத்தியம். எந்த வயலுக்கும் அவர் போனதில்லை. சின்ன வயசில் தகப்பனாரோடு வரப்பில் நடந்ததோடு சரி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. கடைவாசலில் மனைவி ராமலெட்சுமி வைத்த துளசிச்செடிகூட அவர் கண்பார்வையிலேயே பட்டுப்போனது. ஆனாலும் பயிரைப் பற்றி அவரிடம் ஒரு சொல் கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் டேங்கை முதுகில் மாட்டியதில்லை.

அறுபத்திரண்டாம் வயசில் முழங்கால் படுத்தியது. கடையைத் தன்னிடம் வேலை பார்த்த நாகேந்திரனுக்குக் கொடுத்துவிட்டு, திருப்புல்லாணியில் ராமலெட்சுமிக்குப் பிறந்தவீட்டு வழியில் வந்திருந்த வீட்டுக்குக் குடிவந்தார். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் மணல். இரண்டு தென்னை, ஒரு வேம்பு. துணி காயப்போட வசதியான இடம் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசித்தது கிடையாது.

அந்த ஆனி மாதம் மகள் ஜெயப்பிரியா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. அக்காள்மடத்தில் கட்டிக்கொடுத்த பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து வந்த சேதி. பழம், பலகாரத்தோடு இருவரும் கிளம்பிப் போனார்கள். சம்பந்தி வீரமணி அங்கே அரிசிக்கடை வைத்திருப்பவர். மதியம் இலை போட்டார்கள். கத்தரிக்காய்க் கூட்டை வைக்கவந்த மகளிடம் ராமலெட்சுமி சொன்னாள்:

"நீ இதைத் திங்காத தாயி. மார்க்கெட்டுக் காயில பூரா மருந்து. நேத்து அடிச்சு இன்னைக்குப் பறிச்சுப் போட்டுர்றாய்ங்க."

வீரமணி மோரை ஊற்றிக்கொண்டே சிரித்தார். "சம்பந்திகிட்ட வாங்குன மருந்தாத்தான இருக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு, ஒண்ணும் செய்யாது."

இலையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மருமகன்கூடச் சிரித்தான். தவசி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னைக்குச் சொல்றேன் எழுதி வச்சுக்கங்க. எம்மக வளைகாப்பு முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வரும்போது, ஒரு சொட்டு மருந்து படாம, என் கையால விளைஞ்ச காயைத்தான் சாப்பிடுவா."

"நீங்களா சம்பந்தி?" என்றார் வீரமணி. அதில் கேலியே இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் தவசியை அதிகமாகக் குத்தியது.

வீடு திரும்பிய மறுநாள் தினசரியில் ஓர் அறிவிப்பு பார்த்தார். வீட்டில் இயற்கை முறையில் காய்கறித் தோட்டம் அமைக்க இரண்டு நாள் இலவசப் பயிற்சி, ராமநாதபுரத்தில். 'எல்லாம் தெரிஞ்சதுதான், சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் துர்காதேவி. முப்பது வயசுக்குள் இருக்கும். விவசாயம் படித்தவள். பதிவுத்தாளில் தொழில் என்ற இடத்தில் தவசி 'வியாபாரம், ஓய்வு' என்று எழுதினார்.

"என்ன வியாபாரம்ங்க அய்யா?"

"விவசாயம் சம்பந்தப்பட்டது."

"அப்ப உங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும்" என்றாள். தவசி அடக்கமாகத் தலையை ஆட்டினார்.

ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். துர்காதேவி எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டாள். "நாம பூச்சிமருந்துன்னு சொல்றோம். அது யாருக்கு மருந்து? செடிக்கா, பூச்சிக்கா, நமக்கா?"

பின்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "கடைக்காரனுக்கு."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. தவசி திரும்பிப் பார்த்தார். வெள்ளைத் தலை, ஒடுங்கிய கன்னம். சின்னக்கருப்பன். கமுதிப் பக்கத்துப் பருத்திக்காடுகளில் கூலிக்கு மருந்தடித்தே காலம் கழித்த ஆள். தவசியை அவன் அப்போதுதான் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. மரியாதையாக எழுந்து நின்றும்விட்டான்.

"மொதலாளி! நீங்க எங்கன இங்கன?"

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். சின்னக்கருப்பன் அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தான். "கமுதியில பெரிய மருந்துக்கடை இவுகளுது. இவுக குடுத்துத்தான் நாங்க அடிச்சது. முப்பது வருசத்துச் சரக்கு."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். துர்காதேவி பதிவுத்தாளை ஒருமுறை பார்த்தாள். "நல்லதுங்க அய்யா, உங்க அனுபவம் எங்களுக்கு உதவும்" என்றாள். கேலியா, நிஜமா என்று தவசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முழுவதும் அவர் நோட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது சின்னக்கருப்பன் பக்கத்தில் வந்து உட்காராமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். சேதுக்கரை ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலாக இருக்கிறானாம். மகளைத் திருப்புல்லாணியில் கட்டிக்கொடுத்திருக்கிறானாம்.

"நீ எதுக்குலே இதுக்கு வந்த? ஒனக்குத் தெரியாத விவசாயமா?"

"சாப்பாடு போட்டு, விதையும் பையும் குடுக்காகன்னாக மொதலாளி. தோப்புக்காரரு, நீயாவது போயி வாங்கிட்டு வான்னு அனுப்புனாரு."

இரண்டாம் நாள் முடிவில் ஆளுக்கு ஐந்து விதைப் பொட்டலம், செடி வளர்க்கும் பைகள், ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தவசி சான்றிதழைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டினார். ராமலெட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "காய் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடி பிறந்ததும் இருபது பைகளில் கொல்லை மணலை அள்ளி நிரப்பினார். அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். கடையில் சரக்கு அடுக்குவதைப் போல வரிசையாக வைத்து, ஒவ்வொரு பையிலும் அட்டையில் பெயர் எழுதிக் குச்சியில் சொருகினார். கத்தரி, வெண்டை, தக்காளி, கொத்தவரை, தண்டங்கீரை. ஆழ்குழாய்த் தண்ணீரை மூன்று வேளையும் ஊற்றினார். ஐந்தாம் நாள் முளைகள் தலைநீட்டின. தவசி அவற்றைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பயிற்சிக்கு வந்தவர்களுக்கென்று துர்காதேவி ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் இலை ஓரம் கருகியது. தவசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பூஞ்சை என்று ஒரு நாள் சொன்னார். மறுநாள், சாம்பல்சத்துக் குறைவு என்றார். அதற்கு மறுநாள், வேரில் ஏதோ இருக்கிறது என்று நாலு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் ஒன்றும் இல்லை, வேரே அதிகம் இல்லை. கொல்லைக்கு வந்த ராமலெட்சுமி வாளித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு. கரிக்கிது."

வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர். சமையலுக்கும் அதேதான். கடலுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதைத் தவசியின் நாக்கு அதுவரை உணரவில்லை. இலையைப் பார்த்தே நோய் சொன்ன மனுஷன் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கவில்லை. அந்த வாரத்துக்குள் இருபது பைகளும் இருபது பெயர்ப்பலகைகளாக மிஞ்சின.

தோப்புக்குப் போகிற வழியில் சின்னக்கருப்பன் ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே வரச் சொல்லி ராமலெட்சுமிதான் கூப்பிட்டாள். அவன் பை மணலைக் கையில் அள்ளினான். விரலிடுக்கில் பூராவும் ஒழுகிப்போனது.

"இதுல என்ன மொதலாளி இருக்கு, செடி திங்கிறதுக்கு? கண்மாய்க் கரம்பை, அந்த வண்டல்மண்ணு கொண்டாந்து போடணும். ஆட்டுப்புழுக்கை கலக்கணும். தண்ணி ஊருணியில இருந்து கொண்டாங்க. மேல தென்னங்கீத்தைப் போட்டு ஒரு நிழல் கட்டுங்க, இந்த வெயிலு மனுசனுக்கே தாங்கல."

"பயிற்சியில இதையா சொன்னாக?"

"அந்தப் புள்ளையும் இதையேதான் சொல்லுச்சு. நீங்க எழுதிக்கிட்டு இருந்தீக."

தவசி நோட்டை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். எல்லாம் மணிமணியான கையெழுத்தில் இருந்தது.

சின்னக்கருப்பன் ஒரு வண்டி கரம்பை மண்ணுக்கு ஏற்பாடு செய்தான். தெருவில் ஆடு வளர்ப்பவர்களிடம் சாக்கோடு போய் நிற்கத் தவசிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. உரமூட்டைகளை லாரி லாரியாக இறக்கி விற்றவர் அவர். இரண்டாவது வாரம் கூச்சம் போய், அந்த வீட்டு ஆடு நல்ல ஆடு, இந்த வீட்டு ஆடு சரியில்லை என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். ஊருணித் தண்ணீரைக் காலையும் மாலையும் மொபெட்டில் இரண்டு குடமாகக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பஞ்சகவ்யம் தயாரித்தபோது மட்டும் வீட்டில் ஒரு சின்னக் கலகம் நடந்தது. சாணம், கோமியத்துக்கு ராமலெட்சுமி ஆட்சேபம் சொல்லவில்லை. பாலுக்கும் தயிருக்கும் முகத்தைச் சுளித்தாள். நெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாருங்க, இந்த நெய்யை எம்மகளுக்குச் சோத்துல ஊத்துனா நேரா அவளுக்குப் போகும். செடிக்கு ஊத்தி, செடி காச்சு, அந்தக் காயை அவ தின்னு... எதுக்கு இந்தச் சுத்து?"

தவசி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நெய் பாதி அளவே போனது.

ஆவணியில் போட்ட விதை பிழைத்தது. புரட்டாசிக் கடைசியில் கத்தரி முழங்கால் உயரம் வந்தது. வெண்டையில் மஞ்சள் பூ விட்டது. தவசி விடிவதற்கு முன்பே எழுந்து கொல்லைக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். செடி பக்கத்தில் நின்று அது வளர்வதைப் பார்ப்பது அவருக்குப் புதுசு. கடைக்கு வந்த இலைகளெல்லாம் செடியை விட்டுப் பிரிந்து வந்தவை.

அப்போதுதான் கத்தரிக்கொழுந்தில் அசுவினி வந்தது. பச்சையாக, பொடிப்பொடியாக, கொழுந்தை மூடிக்கொண்டு. இந்தப் பூச்சியை அவருக்குத் தெரியும். இதற்குரிய புட்டி, அதன் மூடியின் நிறம், அதைக் கேட்டு வருகிறவர்கள் முகம் எல்லாம் தெரியும். கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, குழுவில் சொன்னபடி வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து அடித்தார். பூச்சி குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் நாலைந்து நாளில் இன்னொன்று வந்து சேர்ந்தது. கறுப்பாக, முதுகில் செம்மஞ்சள் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி இருந்த புழுக்கள். அசுவினி இருந்த இடத்திலெல்லாம் அவையும் ஊர்ந்தன. தவசி முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த எந்தப் படத்திலும் இது இல்லை. புது எதிரி என்று முடிவுகட்டினார்.

மருந்து அடிக்கக்கூடாது என்றார்களே தவிர, கொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு காலை நேரங்கள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. கிண்ணத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: "ஒரு சொட்டு மருந்து இல்லாமல், கையாலேயே ஒழித்தேன். மொத்தம் நூற்று நாற்பது."

நிறையப் பேர் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். சாயங்காலம் துர்காதேவியிடமிருந்து குரல்பதிவு வந்தது. தவசி அதை ராமலெட்சுமி கேட்கும்படி சத்தமாகப் போட்டார், பாராட்டு என்று நினைத்து.

"அய்யா, வணக்கம். நீங்க எடுத்துப் போட்டது பொறிவண்டோட குஞ்சுங்க. அசுவினியைத் திங்கிறதே அதுங்கதான். ஒண்ணு ஒரு நாளைக்கு முப்பது நாப்பதைத் திங்கும். தானா வந்து வேலை செஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. மருந்தடிக்காத இடத்துக்குத்தான் அதுங்க வரும், அந்த வகையில உங்க தோட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அடுத்த தடவை விட்டுருங்க அய்யா."

ராமலெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தவசி குரல்பதிவை இன்னொரு தடவை கேட்டார். மருந்தடிக்காத இடத்துக்குத்தான் வரும் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். அந்தப் பூச்சியைத் தான் ஏன் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு விளங்கியது.

மறுநாள் காலை வந்த சின்னக்கருப்பனிடம் அதைச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கருப்பன் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் கை நடுங்கும். ஒரு கையால் பிடித்தால் சிந்திவிடும்.

"நானும் கண்டதில்ல மொதலாளி அந்தப் பூச்சியை. அடிச்ச காட்டுல எதுதான் இருந்துச்சு? ஆரம்பத்துல பூச்சி செத்துச்சு. அப்பறம் சாகல. நீங்க வேற புட்டி குடுத்தீக."

"நீ ஒரு தடவை மயங்கி விழுந்தியே... அது எந்த வருசம்?"

"எம்மக சடங்காகுன வருசம். பருத்திக்குள்ள விழுந்தேன். நீங்கதான் வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீக. பன்னு வாங்கிக் குடுத்தீக."

தவசிக்கு அது ஞாபகம் இருந்தது. பிற்பாடு பல பேரிடம் சொல்லிக்கொண்ட விஷயம். கடைக்காரன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரில் பேசினார்கள். ஆனால் சின்னக்கருப்பன் மேலே பேசினான்.

"கட்டில்ல கெடக்கும்போது, காத்துக்கு எதுத்தாப்புல நின்னு அடிச்சிருப்ப, ஒந்தப்புதான்னு சொன்னீக."

"சொன்னேனா?"

"சொன்னீக. நானும் ஆமான்னுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "அன்னைக்குக் காத்தே இல்ல மொதலாளி. இலை அசையல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தட்பவெப்பம் சொல்கிற குரல்தான். சொல்லி முடித்துவிட்டு எழுந்துபோய், கத்தரிப் பைகளில் களை பிடுங்க ஆரம்பித்தான். தவசி எழுந்துபோய் அவன் பக்கத்தில் குந்தி அவரும் களை பிடுங்கினார். அன்றிலிருந்து அவர் அவனை 'ஏலே' என்று கூப்பிடுவது நின்றது. 'சின்னக்கருப்பா' என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டுவார். அவன் மட்டும் மொதலாளியை விடவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள் நாகேந்திரனுக்குப் போன் போட்டார். மருந்து விற்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய், அடிக்கிறவனுக்கு முகத்துணியாவது கொடு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டார். நாகேந்திரன் அவர் குரலைக் கேட்டதும் குதூகலமானான்.

"மொதலாளி, நீங்க நல்லா இருக்கணும்! கடையில இப்பப் பாதி இயற்கை மருந்துதான் ஓடுது. வேப்பெண்ணெய், மீன் அமிலம் எல்லாம் எடுத்து அடுக்கிட்டேன். வாரவன்கிட்ட எல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்றேன். தவசி அய்யாவே இப்ப வீட்டுல இதைத்தான் அடிக்காரு, அவரு தோட்டத்துப் படம் பாருய்யான்னு காட்டுறேன். கேள்வியே கேக்காம வாங்கிட்டுப் போறாய்ங்க."

"என் படம் ஒனக்கு எப்படிக் கெடைச்சுச்சு?"

"ஜெயப்பிரியா பாப்பா ஸ்டேட்டஸ்ல போட்டுச்சே."

"சரி, மீதிப் பாதி?"

"அது பழைய சரக்குதான் மொதலாளி. அதுக்கும் ஒங்க பேருதான்."

தவசி நினைத்து வைத்திருந்ததில் முகத்துணியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். 'ஆகட்டும்' என்றான் நாகேந்திரன். பிறகு ஒரு பெட்டி முகத்துணி வாங்கி வைத்ததாகவும், அதுவும் நன்றாக விற்கிறது என்றும் தகவல் அனுப்பினான்.

ஐப்பசியில் வளைகாப்பு. ஏழாம் மாதம். மகளைக் கூட்டிவருகிற அன்று கொல்லையில் கீரை இரண்டு பை, வெண்டை பத்துப் பன்னிரண்டு, கத்தரிப்பிஞ்சு ஏழு இருந்தன. தவசி எல்லாவற்றையும் முந்தின நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பறித்தால் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும் என்று விட்டுவைத்தார். மழை ராத்திரியே பிடித்துக்கொண்டது. வருஷம் முழுக்க ஏங்க வைக்கிற மழை, மூன்று நாள் விடாமல் கொட்டியது. தென்னங்கீற்றுப் பந்தல் செடிகள் மேல் படுத்துக்கொண்டது. கீரை அழுகியது. மகள் வந்து இறங்கி முதல் வேளை சாப்பிட்டது, மார்க்கெட்டில் வாங்கி ராமலெட்சுமி உப்புத்தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்த முட்டைக்கோசு.

"விடுங்கய்யா, மழைக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றாள் ஜெயப்பிரியா. "எனக்கு இப்பக் காயே பிடிக்கல. ரோட்டுக்கடைப் பரோட்டா சால்னா திங்கணும் போலத்தான் இருக்கு."

மழையில் நனைந்துகொண்டு போய்ப் பரோட்டா வாங்கிவந்தவரும் தவசிதான்.

கார்த்திகையில் மூன்றாம் தடவையாக விதை போட்டார். சாய்ந்துபோன கத்தரிச்செடிகளைச் சின்னக்கருப்பன் கவாத்துச் செய்து நிமிர்த்திக் கட்டினான். இந்தத் தடவை அதனதன் வேளையில் எல்லாம் கூடிவந்தன. மார்கழிப் பனியில் கத்தரி பிழைத்துத் துளிர்த்தது. பொறிவண்டுகள் திரும்பி வந்தன. தவசி அவை ஏறிய செடிப் பக்கம் விளக்குமாற்றைக்கூட வீசவிடவில்லை. மார்கழிக் கடைசியில் ஜெயப்பிரியாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தவசி முதல் பறிப்பைத் தட்டில் அடுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனார். கத்தரி, வெண்டை, கீரை. கத்தரியில் ஆங்காங்கே ஓட்டை இருந்தது. கடையில் யாராவது இப்படி ஒரு காயைக் கொண்டுவந்திருந்தால், என்னய்யா பயிர் வச்சிருக்க என்று கேட்டிருப்பார். இப்போது அந்த ஓட்டை தெரிகிற பக்கத்தை மேலே வைத்துத்தான் அடுக்கியிருந்தார்.

ராமலெட்சுமி தட்டைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"பச்ச உடம்புக்காரிக்கு யாராச்சும் கத்தரிக்காய் குடுப்பாகளா? கரப்பான் வந்து உடம்பெல்லாம் அரிக்கும்."

"அப்ப வெண்டை?"

"குளிர்ச்சி. புள்ளைக்குச் சளி கட்டும்."

"கீரை?"

"பால் வழியாப் போயி புள்ளைக்கு வயித்தால போகும். இன்னும் மூணு மாசத்துக்கு அவளுக்குப் பூண்டு ரசமும் சுறாப்புட்டும்தான். தட்டை அங்கிட்டு வைங்க. போயி நல்ல பால்சுறா கெடைக்குதான்னு பாத்துட்டு வாங்க."

உள்ளறையில் குழந்தையோடு படுத்திருந்த ஜெயப்பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் தையல் வலிக்கிறது என்று கத்தினாள். தவசி பையை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார்.

தை, மாசி இரண்டு மாதமும் தோட்டம் காய்த்துத் தள்ளியது. அந்த வீட்டில் காய் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். தெருவில் கொடுத்தார்கள். சின்னக்கருப்பன் மகள் வீட்டுக்குப் போனது. வாங்கிய சிலர் ஓட்டையைப் பார்த்துவிட்டு வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். தவசி அவர்களைக் கூப்பிட்டு, ஓட்டை ஏன் நல்லது என்று விளக்கினார். பிறகு அவர்கள் அவர் வாசல் வழியாக வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சின்னக்கருப்பன் தோப்பிலும் பத்துப் பை வைத்திருந்தான். அவன் காய்கள் தவசியுடையதைவிடப் பெரியவையாக இருந்தன. பயிற்சியில் கொடுத்த அதே விதைதான். அவன் நோட்டு எதுவும் எழுதியிருக்கவில்லை.

பங்குனியில் மகளையும் பேத்தியையும் அக்காள்மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பத்தியம் முடிந்த வாரம். வீடு சட்டென்று காலியாகிவிட்டது. ராமலெட்சுமி இரண்டு நாள் அடுப்படிக்குள்ளேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் தவசி கொல்லையில் ஒரு பெரிய துணிப்பையை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினார். ராமநாதபுரம் போய், அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ். பாம்பன் பாலத்தில் காற்று அடித்தபோது பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

சம்பந்தி வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெயப்பிரியா பையைத் தரையில் கொட்டி, கத்தரிக்காய்களைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். வீரமணி கடையிலிருந்து வந்து, நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, வெயிலைப் பற்றிப் பேசினார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அவருக்கு அது மறந்தே போயிருந்தது. தவசி ஓரிரு தடவை பேச்சை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். வீரமணி பிடிகொடுக்கவில்லை.

மதியம் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. ஜெயப்பிரியா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். தவசி தன் இலையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படித்தா இருக்கு?"

"கத்தரிக்காய் மாதிரி இருக்குய்யா" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு காயை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நல்லாருக்கு. நெசமாத்தான்."

குழந்தை உள்ளே அழுதது. அவள் கையைக் கழுவாமலே எழுந்து ஓடினாள். தவசி சாப்பிட்டு முடித்து, பேத்தியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். இருந்துவிட்டுக் காலையில் போகலாமே என்றார்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, ஊருணியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, போய் இரண்டு குடமாவது கொண்டுவந்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.